மூன்றாவது பத்தி

கடிதம் நன்றாக இருந்தது. அதுதான் தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை. இருபத்தெட்டு வருடங்களாக இந்த மேசைக்கு வந்துகொண்டிருக்கும் பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றுகூட நன்றாக இருந்ததில்லை, நன்றாக இருக்கவேண்டும் என்று அவர் எதிர்பார்த்ததும் இல்லை. ‘நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போட்டுத் தரேன்’ என்று சொல்லி அனுப்பினால் என்ன வரும், கடின உழைப்பாளி வருவான், நேரம் தவறாதவன் வருவான், நன்னடத்தையும் தலைமைப் பண்பும் கைகோத்துக்கொண்டு வரும், எல்லாம் இணையத்தில் ஒரே இடத்திலிருந்து அள்ளிய ஆங்கிலம், அள்ளிய அவசரத்தில் ‘அவள்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘அவன்’ என்று விட்டுவிட்டுப் போன பெண்பிள்ளைகள்கூட உண்டு, அதற்கும் கீழே முனைவர் தணிகாசலம், பேராசிரியர், நிலவியல் துறை என்று அவருடைய முத்திரை விழுந்திருக்கிறது. இந்தத் துறையில் இப்படித்தான், இந்தப் பல்கலைக்கழகத்தில் இப்படித்தான், அவருக்குத் தெரிந்த எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இப்படித்தான். மாணவன் வாத்தியாரின் குரலை இரவல் வாங்கித் தன்னையே புகழ்ந்து எழுதுவான், வாத்தியார் அதன் அடியில் தன் பெயரை வைப்பார், தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு வாத்தியார், அவரும் தன் ஊரில் இதையே செய்கிறவர், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு அதைப் படித்து மதிப்பெண் போடுவார். இதற்குப் பெயர் தகுதி. தகுதி உதவித்தொகை. அவரும் ஒரு காலத்தில் தன்னைப் பற்றி எழுதினவர்தான், தொண்ணூற்று மூன்றில், தட்டச்சு நிலையத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அந்தப் பெண் அடித்தாள், ‘இவரைப் போன்ற கூர்மையான பார்வை கொண்ட மாணவரை நான் கண்டதில்லை’ என்று சொன்னபோது காது சூடாகிவிட்டது, அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஒரு நாளைக்கு இருபது கூர்மையான பார்வைகளை அடிக்கிறவள். அந்தச் சூட்டுக்குப் பிறகு இது ஒரு விஷயமாகவே தோன்றாமல் போயிற்று. அதனால்தான் இந்த வாரம் முழுவதும் வந்த கடிதங்களை மின்னஞ்சலிலிருந்து நகலெடுத்து விண்ணப்பப் பக்கத்தில் ஒட்டி ஒட்டி அனுப்பிவிட்டார், படிக்கவில்லை, படிப்பதற்கு என்ன இருக்கிறது. இதையும் அப்படியே ஒட்டியிருந்தால் மூன்றே காலுக்கே முடிந்திருக்கும். எந்தச் சனியன் பிடித்துப் படித்தாரோ.

வெளியே நடைக்கூடத்து பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மகரஜோதி. பெயரைப் பார், எந்த வருடமோ சபரிமலைக்குப் போய்வந்த அப்பன் வைத்திருப்பான். ஐந்து மணிக்குப் பக்கம் மூடிவிடும், அதற்குள் பேராசிரியரின் கடிதம் போய்ச் சேராவிட்டால் விண்ணப்பம் தானாகவே கழிந்துவிடும், ஆகையால் அனுப்புகிறவரைக்கும் இங்கேயே இருக்கிறேனுங்க சார் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள், கடன் கொடுத்தவள் மாதிரி. நிறுவனர் பெயரில் வருடத்துக்கு ஒன்றே ஒன்று கொடுக்கிற உதவித்தொகை, ஐந்து வருட ஆராய்ச்சிக்கு முழுச் சம்பளமும் விடுதியும். கிடைக்காவிட்டால் ஓசூர்ப் பக்கம் ஒரு கிரானைட் கம்பெனியில் கல்லின் பாலிஷ் பார்க்கிற வேலை, பதினைந்தாம் தேதி வந்து சேரச் சொல்லியிருக்கிறார்களாம், சேர்ந்தால் மூன்று வருடம் விலக மாட்டேன் என்று எழுதித் தரவேண்டுமாம். இதையெல்லாம் யார் கேட்டார்கள், அவளாகச் சொன்னாள், கெஞ்சும் குரலில் இல்லை, பேருந்து நேரம் சொல்கிற மாதிரி. கெஞ்சியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். கெஞ்சுகிறவர்களை என்ன செய்வது என்று தணிகாசலத்துக்குத் தெரியும், துறைத் தலைவர் சேனாதிபதி மாதிரி பல்லைக் காட்டி ‘பாத்துக்கலாம்மா’ என்று சொல்லி அனுப்பிவிடலாம். சேனாதிபதிக்கு எல்லாமே பாத்துக்கலாம்தான். அவருடைய தங்கை மகன் தர்ஷன் இதே உதவித்தொகைக்குப் போட்டிருக்கிறான், சுண்ணாம்புக் கல்லையும் சலவைக் கல்லையும் நக்கிப் பார்த்தாலும் பிரிக்கத் தெரியாதவன், அவனுக்கும் தணிகாசலத்தின் கடிதம் திங்கட்கிழமையே போய்விட்டது. சேனாதிபதி கேட்டார், இவர் போட்டார். இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சேனாதிபதியை இகழ்வதில் என்ன பிரயோசனம், இரண்டு பேர் கையெழுத்தும் ஒரே மையில்தான் விழுகிறது. உங்களுக்கு யாரைத்தான் புடிச்சிருக்கு என்று வசுமதி கேட்பாள், சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே, கோபமாகக்கூட இல்லை, இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டுமா என்கிற மாதிரி, இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் கண்டுபிடித்த ஒரே கேள்வி.

மூன்றாவது பத்திதான் முள். முதல் இரண்டு பத்தியும் ஒழுங்கானவை, மதிப்பெண், களப்பணி, ஆய்வுத் தலைப்பு, ஒரு பெயரடைகூட அதிகம் இல்லை. மூன்றாவது இப்படிப் போயிற்று: ‘எங்கள் துறைக் காட்சிக்கூடத்தில் விண்கல் என்று வைக்கப்பட்டிருந்த மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒருநாள் பாடம் நடத்தியபோது, அதன் உடைந்த பக்கத்தில் குமிழ் ஓட்டைகள் இருப்பதைச் சுட்டிக்காட்டி, இது இரும்பு உலையிலிருந்து வந்த கசடாக இருக்கலாம் என்று மகரஜோதி சொன்னார். நான் அந்த இடத்திலேயே கல்லை மறுபடி பார்த்தேன். அவர் சொன்னது சரி என்று வகுப்பின் முன்னால் ஒப்புக்கொண்டேன். ஓர் ஆசிரியராக என் மகிழ்ச்சியான நாட்களில் அது ஒன்று.’ ஆங்கிலத்தில் இன்னும் அடக்கமாக இருந்தது. மகிழ்ச்சியான நாட்களில் அது ஒன்று. தணிகாசலம் அந்த வரியை இரண்டாவது முறை படித்தபோது மேலே விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது, டக் டக் என்று ஏதோ ஒரு இறக்கை தளர்ந்துபோய், எழுதிக் கொடுத்து ஒன்றரை வருடமாகிறது, பராமரிப்புப் பிரிவில் எவனும் எட்டிப்பார்க்கவில்லை. மகிழ்ச்சியான நாள். ஆகஸ்டு மாதம் அது, இரண்டாவது வகுப்பு, புழுக்கம், முப்பத்தொரு பேர். வருடாவருடம் செய்கிறபடியே கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கல்லை எடுத்துவந்து மேசைமேல் வைத்து, பாக்கெட்டிலிருந்து காந்தத்தை எடுத்து அதன்மேல் விட்டார், ணங்கென்று போய் ஒட்டிக்கொண்டது, அந்தச் சத்தத்துக்கு வகுப்பு எப்போதும் ஒரு நிமிடம் வாயைப் பிளக்கும், அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவர் இந்த வேலையையே பார்க்கிறார் என்று சொல்லலாம். வானத்தில் கோடிக்கணக்கான வருடம் சுற்றியது, காங்கேயம் பக்கத்து மேட்டாங்காட்டில் வந்து விழுந்தது, விழுந்ததை உங்கள் முன்னால் நிற்கிற இந்த ஆள் கண்டுபிடித்தான். பின்னால் மூன்றாவது வரிசையில் ஒரு கை. ‘சார், அது ஸ்லாக்குங்க சார்.’ என்னம்மா? ‘கசடுங்க. ஒடஞ்ச பக்கம் பாருங்க, காத்துக் குமிழி இருக்குது. எங்கப்பா வேலை செய்யற பட்டறைல மூட்டை மூட்டையா கெடக்குங்க, ரோட்டுக்குக் கொட்டறதுக்கு எடுத்துட்டுப் போவாங்க. அதுலயும் காந்தம் ஒட்டுங்க சார்.’ யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து என்று இன்றுவரை தெரியாது. அவளைப் பார்த்துத்தான் என்று அவர் அப்போதே தீர்மானித்து, அந்தச் சிரிப்பின்மேல் ஏறி நின்றுகொண்டு சொன்னார்: ‘உங்கப்பன் பட்டறையிலேயே படிச்சிருக்கலாமே, இங்க எதுக்கு வந்தே? வெளிய போ.’ இப்போது எல்லோரும் சிரித்தார்கள். அவள் நோட்டை மூடி, பேனாவுக்கு மூடி போட்டு, பையை எடுத்துக்கொண்டு போனாள். பேனாவுக்கு மூடி போட்டது ஞாபகம் இருக்கிறது.

ஆக, நடந்தது அது, எழுதியிருப்பது இது. ஒப்புக்கொண்டாராம். மகிழ்ந்தாராம். இந்தப் பொய்யை எங்கே வைத்துப் பார்ப்பது என்று தணிகாசலத்துக்குப் பிடிபடவில்லை. குத்திக்காட்டுகிறாளா? ‘இப்படி நடந்துகொண்டிருக்க வேண்டும் நீ, நடந்துகொண்டாயா’ என்று அவருடைய குரலிலேயே அவருக்குப் பாடம் எடுக்கிறாளா? இருபத்திரண்டு வயதுக்கு அவ்வளவு விஷமம் வருமா? ஏன் வராது, அவருக்கு வந்ததே அந்த வயதில். அல்லது காக்கா பிடிக்கிறாள். வாத்தியாரைப் பெருந்தன்மைக்காரராக எழுதிவிட்டால் வாத்தியார் குளிர்ந்துபோய்க் கையெழுத்துப் போடுவார் என்ற கணக்கு. காக்கா பிடிக்கிறவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும், அவர்கள் பொன்னாடையோடு வருவார்கள், பிறந்தநாளைத் தெரிந்துவைத்திருப்பார்கள், இவள் இந்த எட்டு மாதத்தில் நடைக்கூடத்தில் எதிரே வந்தால் வணக்கம் சார் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினதில்லை. அல்லது, இதுதான் இருப்பதிலேயே மோசம், பரிதாபப்படுகிறாள். பாவம் மனுசன், அவரும்தான் என்ன செய்வார், எழுதும்போதாவது கொஞ்சம் நல்லவராக இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு பட்டறைக்காரன் மகள் அவருக்கு ஒரு நல்ல நாளைத் தானம் செய்திருக்கிறாள். தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. குத்தலாக இருந்தால் தாங்கிக்கொள்ளலாம், காக்கா பிடிப்பதாக இருந்தால் அலட்சியமாகத் தள்ளலாம், பரிதாபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது. பட்டறைக்காரன் மகள் என்று மனம் மறுபடியும் சொன்னதைக் கவனித்தார். எட்டு மாதம் ஆகியும் நாக்கு அதே இடத்தில்தான் போய்த் தட்டுகிறது. அவருடைய அப்பா மட்டும் என்ன, ரைஸ் மில்லில் மூட்டை தைத்தவர்.

இதில் உபயதுல்லா வேறு. குழுவின் வெளி நிபுணர் இந்த வருடம் உபயதுல்லா என்று சேனாதிபதி காலையில் தேநீரோடு தேநீராகச் சொன்னார், உங்க கிளாஸ்மேட்டாமே சார், ஒரு வார்த்தை போட்டு வைங்க என்று கண்ணைச் சிமிட்டினார். கிளாஸ்மேட். ஒரே விடுதி அறை, ஒரே சோப்பு. கல் கிடைத்து, படம் பத்திரிகையில் வந்து, ‘கொங்கு மண்ணில் விண்கல்’ என்று தலைப்புப் போட்டு, தணிகாசலம் கல்லைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி நிற்கிற அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு உபயதுல்லா ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், ‘டேய், நிக்கல் இருக்கான்னு பாத்தியா?’ விண்கல்லின் இரும்பில் நிக்கல் இருக்கும், உலைக் கசடில் இருக்காது, முதல் வருடப் பாடம், ஆய்வகத்தில் அரை மணி வேலை. பார்க்கவில்லை. ‘பாக்காமயா சொல்வேன்?’ என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டவனோடு பேசுவது குறைந்து, நின்று, அவன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தும் போகவில்லை. நிக்கல் பார்க்காமல் இருந்தது சோம்பலால் இல்லை, அதை மட்டும் அவர் தனக்குத்தானே மறைத்துக்கொண்டதில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால்தான் பார்க்கவில்லை. இரும்பு உருக்கிய பழைய உலைகள் புதைந்து கிடக்கிற மண் அது, உழுதால் கசடு வரும், சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்வான், கல் கிடந்த நிலத்தின் காட்டுக்காரர் மட்டும் வானத்திலிருந்து விழுந்ததுங்க என்றார், வேலையில் இருந்துகொண்டே முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர் காட்டுக்காரரை நம்பினார். இந்தப் பொங்கல் விடுமுறையில் துறையில் யாரும் இல்லாத நாளாகப் பார்த்து வந்து, கல்லின் ஒரு மூலையை அறுத்துத் தேய்த்துப் பார்த்தார். குமிழிகள். தேன்கூடு மாதிரி. நிக்கல் பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அறுத்த பக்கத்தைக் கீழே வைத்து, கல்லைப் பழையபடி பெட்டிக்குள் வைத்து, ‘விண்கல், கண்டெடுத்தவர்: தணிகாசலம்’ என்ற அட்டையைத் தூசி தட்டிப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார். இருபத்தாறு வருடம், வருடத்துக்கு முப்பது பேர், கிட்டத்தட்ட எண்ணூறு பேர் எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு நான் விண்கல்லைத் தொட்டிருக்கிறேன் என்று தங்கள் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இப்போது இந்தப் பத்தி போனால் உபயதுல்லா படிப்பான். மூக்கின் நுனியில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படிப்பான். ஒப்புக்கொண்டானா, தணிகாசலமா, வகுப்பு முன்னாலேயா என்று சிரிப்பான். சிரிக்காமலும் இருக்கலாம்.

ஆகவே பத்தியை எடுத்துவிட்டார். எளிது, பத்தி முழுவதையும் தேர்ந்து கறுப்பாக்கினார், ஒரு விசை, போயிற்று, நாலாவது பத்தி மேலே ஏறி மூன்றாவதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மணி நாலு பத்து. இப்போது படித்துப் பார்த்தார். மதிப்பெண், களப்பணி, ஆய்வுத் தலைப்பு, எதிர்காலத்துக்கு வாழ்த்து. செத்துப்போன கடிதம். நன்னடத்தைக் கடிதங்களின் குவியலில் இன்னொன்று, உபயதுல்லா ஒரு நிமிடம்கூடத் தர மாட்டான், யார்தான் தருவார்கள், பெண் ஓசூருக்குப் போய்க் கல்லின் பளபளப்பைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். சரி, போகட்டும், உலகத்தில் எத்தனை பேர் ஓசூருக்குப் போகவில்லை, போய்க் கெட்டா போய்விட்டார்கள். இல்லை, அவரே ஒன்று எழுதினால் போகிறது. அந்த இடத்தில், கல்லைப் பற்றி இல்லாமல், அவளைப் பற்றி வேறு ஏதாவது. இரண்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறார், இரண்டு வரிக்கா பஞ்சம். விரல்களை விசைகளின்மேல் வைத்தார். மகரஜோதி ஒரு, என்று அடித்தார். ஒரு என்ன? கடின உழைப்பாளி என்று விரல் தானாகப் போனது, உதறினார். அவள் எங்கே உட்காருவாள், மூன்றாவது வரிசை. கையெழுத்து எப்படி இருக்கும், தெரியாது. களப்பணியில் சேலத்துக்குப் போனார்களே, அங்கே அவள் என்ன செய்தாள், பேருந்தில் வந்தாளா, வந்திருப்பாள், எல்லோரும் வந்தார்கள். எதில் நல்லவள், எதில் மோசம், யாரோடு சண்டை, எதைப் பார்த்தால் கண் விரியும், ஒன்றும் தெரியாது. அவளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது மொத்தம் ஒன்றே ஒன்று, அவள் ஒரு கல்லைச் சரியாகப் பார்த்தாள், அதற்காக அவர் அவளை வெளியே அனுப்பினார். அந்த ஒன்றைத்தான் இப்போது நீக்கியிருக்கிறார். மகரஜோதி ஒரு, என்று திரையில் நின்றது. பக்கத்தில் கோடு மினுக் மினுக்கென்றது. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு பரிந்துரைக் கடிதத்தைக்கூட அவர் எழுதினதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது, ஒன்று எழுதியிருக்கிறார், தட்டச்சு நிலையத்தில், அது தன்னைப் பற்றி.

நாலரைக்கு ஒரு வேகம் வந்தது. நல்ல வேகம் என்று அப்போது நினைத்துக்கொண்டார். பத்தியைத் திரும்பக் கொண்டுவந்து, பொய்யான மூன்று வரியை எடுத்துவிட்டு, உண்மையை அடித்தார். ‘அவர் சொன்னதைக் கேட்டு நான் கோபப்பட்டு, அவருடைய தந்தையின் தொழிலைச் சொல்லி இகழ்ந்து, அவரை வகுப்பைவிட்டு வெளியே அனுப்பினேன். பிறகு தனியாகச் சோதித்தேன், அவர் சொன்னதே சரி. கடந்த இருபத்தாறு வருடங்களாக நான் தவறாகக் கற்பித்துவந்தேன்.’ அடித்து முடித்தபோது ஒரு மாதிரி தித்திப்பாக இருந்தது, உபயதுல்லா படிக்கட்டும், நன்றாகப் படிக்கட்டும், சேனாதிபதி படிக்கட்டும், இந்தக் கட்டடத்தில் இப்படி ஒரு வரி எழுத இன்னொருவனுக்குத் துணிச்சல் உண்டா. அந்தத் தித்திப்பு அவருக்கே சந்தேகமாகத்தான் இருந்தது, இருந்தாலும் எழுந்து போய்க் கதவைத் திறந்து, ‘ஏம்மா, உள்ள வா, இதப் படி’ என்று திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் நின்றபடியே படித்தாள். முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. ஏதாவது ஓடும் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இது எதுக்குங்க சார்?”

“நடந்தது இதுதானே.”

“நடந்தது இதுதானுங்க. ஆனா இதப் படிச்சா, வாத்தியார்கிட்ட மல்லுக்கு நிக்கற புள்ளைன்னுதானுங்க நெனைப்பாங்க. அஞ்சு வருசம் எந்த சார் என்னைய வெச்சு ஆராய்ச்சி பண்ண வெப்பாங்க? இப்படிப் போட்டா கெடைக்காதுங்க.”

“அப்ப நீ எழுதினது பொய்.”

“ஆமாங்க.”

“பொய்னு தெரிஞ்சே எழுதினே.”

“நீங்கதானுங்க சார் எழுதிட்டு வரச் சொன்னீங்க.”

தணிகாசலம் விசிறியைப் பார்த்தார். பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, கேட்டார். “என்னை எதுக்கு அவ்வளவு நல்லவனா எழுதினே?”

“லெட்டர் குடுக்கற சார் நல்லவரா இருந்தாத்தானுங்க லெட்டருக்கு மதிப்பு.” இதுகூடவா தெரியாது என்பதுபோல அவரைப் பார்த்தாள். குத்தல் இல்லை, காக்கா இல்லை, பரிதாபமும் இல்லை. ஒரு கல்லை எந்தப் பக்கம் திருப்பிவைத்தால் நிற்கும் என்று பார்க்கிற பார்வை அது.

“அன்னைக்கு, வெளிய அனுப்பினேனே. போய் என்ன பண்ணினே?”

அவள் யோசித்தாள், நிஜமாகவே யோசிக்க வேண்டியிருந்தது. “கேன்டீன் போனேன்னு நெனைக்கறனுங்க. காலைல சாப்புடாம வந்திருந்தேன்.”

“அழுதியா?”

“எதுக்குங்க சார்?” என்றவள், கடிகாரத்தைப் பார்த்து, “நாலே முக்கால் ஆச்சுங்க சார். பழையதையே போட்டுருங்க” என்றாள். போய்ப் பழையபடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

எட்டு மாதம். எட்டு மாதமாக அவர் அந்தப் பேனா மூடியைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார், குளியலறையில், நடைப்பயிற்சியில், அறுத்த கல்லின் முன்னால், அவள் உப்புமாவோ என்னவோ சாப்பிட்டுவிட்டு மறந்துவிட்டாள். அவளுடைய கதையில் அவர் வில்லன்கூட இல்லை, பசி நேரத்தில் வகுப்பை முடித்துவைத்த ஆள். இப்போது இந்த உண்மை, இந்தத் துணிச்சலான மூன்று வரி, இதுவும் யாருக்காக அடித்தது? உபயதுல்லாவுக்காக அடித்தது, பார்த்தாயா என்று மார்பைக் காட்டுவதற்காக அடித்தது, அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை ஒரு காகிதமாக எடுத்து அதில் தன் பாவமன்னிப்பை எழுதிக்கொள்ளப் பார்த்தார். த்தூ. மூன்று வரியையும் அழித்து, அவள் எழுதியதையே திரும்ப வைத்தார், ஒப்புக்கொண்டேன், மகிழ்ச்சியான நாட்களில் அது ஒன்று, இரண்டும் போய் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டன, முழுக் கடிதத்தையும் நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டினார். அடுத்த கேள்வி வந்தது. தாங்கள் கற்பித்த மாணவர்களில் இவர் எந்த இடத்தில் இருக்கிறார்? முதல் ஒரு சதவீதம், முதல் ஐந்து, முதல் பத்து, சராசரி. ஒன்றில் வைத்து அழுத்தினார். இதிலாவது பொய் இல்லை. எண்ணூறு பேரில் ஒருத்திதான் கல்லைப் பார்த்தாள். மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டி எழுந்து வந்தது. ‘இந்த ஆண்டு இதே தரத்தைத் தாங்கள் ஏற்கெனவே பதினொரு விண்ணப்பதாரர்களுக்கு வழங்கியுள்ளீர்கள். இத்தகவல் குழுவுக்குக் காட்டப்படும். தொடரவா?’

பதினொரு பேர். தணிகாசலம் அந்த எண்ணைப் பார்த்தபடி இருந்தார். பதினொரு பேரும் முதல் ஒரு சதவீதம். யார் யார் என்று யோசித்தால் தர்ஷன் ஞாபகம் வந்தான், கண்ணாடி போட்ட ஒரு பையன் வந்தான், மற்றவர்கள் முகம் இல்லாமல் வந்தார்கள், ஒவ்வொன்றையும் ஒட்டும்போது மேலே இருந்த முதல் வட்டத்தை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறார், மேலே இருந்தது என்பதால். சராசரி மேலே இருந்திருந்தால் பதினொரு பேரும் சராசரியாகியிருப்பார்கள். உபயதுல்லா பட்டியலைப் பார்ப்பான், பன்னிரண்டு முறை தணிகாசலம், பன்னிரண்டு முறை முதல் ஒரு சதவீதம், சிரிக்கக்கூட மாட்டான், பன்னிரண்டையும் சேர்த்து ஒதுக்கிவிட்டு வேறு வாத்தியாரின் மாணவனுக்குப் போய்விடுவான். வாழ்நாளில் முதல் தடவையாக இந்த வட்டத்தை உண்மையாகவே அழுத்தியிருக்கிறார், அது உண்மை என்று சொல்ல அந்தப் பக்கத்தில் எந்த வழியும் இல்லை. ஐந்துக்கு அழுத்தினால் அவள் தர்ஷனுக்குக் கீழே போய்விடுவாள். மணி நாலு ஐம்பத்திரண்டு. நடைக்கூடத்தில் அவள் இருமினாள். கீழே இன்னொரு கட்டம் இருந்தது, ‘குழுவின் கவனத்துக்கு வேறு ஏதேனும்’, அதை யாரும் நிரப்புவதில்லை, அவரும் நிரப்பினதில்லை. அதில் போய்க் கோடு மினுங்கியது. யோசித்தால் நடக்காது என்று தெரிந்தது, ஆனாலும் யோசித்தார். பதினொரு பேரில் இரண்டு பேராவது நல்ல பிள்ளைகளாக இருக்கலாம், இருக்கத்தான் வேண்டும், அவர்கள் செய்த பாவம் என்ன, இவரிடம் வந்ததுதான் பாவம். சேனாதிபதிக்கு ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். துறை ரீதியாக விளக்கம் கேட்பார்கள். ஓய்வுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. அவள் போட்ட கணக்குக்கு இது ஆகுமா, லெட்டர் கொடுக்கிற சார் நல்லவராக இருக்கவேண்டும் என்றாளே, இதை எழுதினால் சார் என்ன ஆவார். ஆனால் மற்ற பதினொரு கடிதமும் விழுந்தால் இந்த ஒன்று நிற்கும். நிற்காமலும் போகலாம். நாலு ஐம்பத்தைந்துக்கு அடித்தார், ஆங்கிலத்தில், சின்னதாக, யாருடைய நடையிலும் இல்லாமல்: ‘இதற்கு முன் நான் அனுப்பிய பதினொரு கடிதங்களையும் நான் படிக்கவில்லை. இதைப் படித்தேன்.’ அழுத்தினார்.

“அனுப்பிட்டீங்களா சார்?” கதவருகே அவள் நின்றாள், பை ஏற்கெனவே தோளில் இருந்தது.

“ம்.”

“ரொம்பத் தேங்க்ஸுங்க சார். ஈரோடு வண்டி அஞ்சேகாலுக்குங்க” என்று சொல்லிவிட்டுப் படிகளில் இறங்கி ஓடினாள், செருப்புச் சத்தம் இரண்டு மாடிக்கும் கேட்டது. தணிகாசலம் திரையின் பக்கம் திரும்பினார். தங்கள் பரிந்துரை பெறப்பட்டது, இனி இதைத் திருத்தவோ திரும்பப் பெறவோ இயலாது என்று பச்சை எழுத்தில் இருந்தது. ஒருமுறை படித்தார், புரிந்தது, புரியாமல் இருக்க அதில் ஒன்றும் இல்லை, ஆனாலும் கை மவுஸைப் பிடித்துக்கொண்டு பக்கத்தை மேலே ஏற்றியது, கீழே இறக்கியது, திருத்து என்று எங்கேயாவது ஒரு பொத்தான் இருக்கிறதா என்று மூலை மூலையாகத் தேடியது. ஐந்து மணி அடித்துப் பக்கம் தானாக மூடிக்கொள்ளும்வரை அவர் தேடிக்கொண்டுதான் இருந்தார்.